5 லட்சம் கார்டும் மாசாமாசம் வர்ற மாத்திரை கவரும்

பெரியப்பாவுக்கு 74 வயசு. போன ஐப்பசில சம்பா வயலுக்கு தண்ணி பாக்க போனவரு நெஞ்ச புடிச்சிக்கிட்டு வரப்புலயே உக்காந்துட்டாரு, நீடாமங்கலத்துலேர்ந்து கார் புடிச்சு தஞ்சாவூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரில சேத்தோம், ஆஞ்சியோ பாத்துட்டு ரெண்டு ஸ்டென்ட்டுன்னுட்டாங்க. பெரியம்மா அரிசி டின்லேர்ந்து முதல்வர் காப்பீட்டு கார்ட எடுத்து குடுத்தாங்க, மேல எல்லாம் தவிடு.

அப்ரூவல் வர ஒன்றரை நாள். டெஸ்க்ல இருந்த பையன் கேக்கும்போதெல்லாம் "சர்வர் ஸ்லோ சார்"ங்கறான். அப்புறம் டிஸ்சார்ஜ் அன்னிக்கு கையுறை, பஞ்சுன்னு ஒரு சீட்டு நீட்டி 6,500 கட்டுங்கன்னாங்க. கார்டுல சேத்துட்டா அந்த சிகிச்சைக்கு தனியா காசு வாங்கவே கூடாது. அங்க நின்னுக்கிட்டே காப்பீட்டு திட்டத்தோட இலவச நம்பர் 1800 425 3993க்கு போன் போட்டேன், ஸ்பீக்கர்ல. அரைமணில சீட்டு காணாம போச்சு! உங்களுக்கும் கேட்டா அந்த நம்பர போடுங்க, கூச்சப்படாதீங்க.

கார்டுக்கு 5க்கு 4 தரலாம். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும், நம்ம ஒரு பைசா பிரீமியம் கட்ட வேணாம், 2022 இன்சூரன்ஸ் கம்பெனி ஒப்பந்தப்படி குடும்பத்துக்கு வருஷம் 849 ரூபா அரசாங்கமே கட்டுது. ஒரு ஸ்டென்ட் கேசுக்கு எத்தன குடும்பத்து 849 போவும்னு கணக்கு போட்டு பாருங்க. எங்க தெருவுல 14 வீடு, 9 வீட்டுல கெழடுங்க மட்டும்தான், புள்ளைங்க திருப்பூர், சிங்கப்பூர்னு இருக்கு. 2011 சென்சஸ்ல தமிழ்நாட்டுல 60 தாண்டுனவங்க 10.4 சதவீதம், 2031ல 18.2 ஆவும்னு மத்திய அரசு கணிப்பு. அடுத்த ஒப்பந்தத்துலயும் அந்த 849 நிக்கும்னு எனக்கு தோணல.

மீதி ஒரு மார்க் ஏன் குறைச்சேன்னா, வயசானவங்களுக்கு செலவு ஆஸ்பத்திரில படுக்கறதோட முடியறதில்ல. மெடிக்கல்ல வாங்குற மாத்திரை, தஞ்சாவூர் போய்வர கார் வாடகை, கூட வர்றவரு விட்ட கூலி, இதுக்கெல்லாம் கார்டு நீட்ட முடியாது. பெரியப்பாவுக்கு மாத்திரை மட்டும் மாசம் 2,300 ஓடுது.

அதுக்குத்தான் மக்களைத் தேடி மருத்துவத்துக்கு முழுசா 5 குடுக்கறேன். வீட்டுக்கே வந்து பாத்து மாத்திரை குடுக்கற தமிழக அரசு திட்டம், 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது. எங்க தெருவுக்கு வர்ற அக்கா பக்கத்து ஊர் மகளிர் குழு ஆளு, சைக்கிள்ல வந்து திண்ணைல உக்காந்து அம்மா கைல பட்டைய சுத்தி பிரஷர் பாத்துட்டு, சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் ஒரு மாசத்துக்கு குடுத்துட்டு போவாங்க. போன தடவ அம்மா தலகாணி உறைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்த பழைய மாத்திரைய எண்ணி பாத்து "ஏன் அத்த 11 மிச்சம் இருக்கு"ன்னு ஒரு புடி புடிச்சாங்க, அம்மா வாயே தொறக்கல. இந்த வேலைய நானே செஞ்சதில்ல.

கார்டு இல்லாதவங்க விஏஓகிட்ட வருமான சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோட கலெக்டர் ஆபீஸ் மையத்துக்கு போங்க, வருமானம் வருஷம் 1,20,000க்குள்ள இருக்கணும். 70 தாண்டுனவங்களுக்கு வருமான வரம்பே இல்லாம மத்திய அரசு 2024 அக்டோபர்ல வய வந்தனா காப்பீட்டு கார்டுன்னு ஒண்ணு ஆரம்பிச்சிருக்கு. பெரியப்பாவுக்கு அத இன்னும் எடுக்கல, அறுப்பு முடியட்டும்ங்கறாரு.