மாதம் இரண்டாயிரம் ரூபாய்: ஒரு பிள்ளைக்கா, ஒரு பள்ளிக்கா, கல்லூரி வாசலில் நிற்பவருக்கா?

கையில் மாதம் இரண்டாயிரம் ரூபாய் இருக்கிறது, அதை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இப்படிக் கேட்டு வரும் நண்பர்களுக்கு நான் நாலு வழிகளைச் சொல்வேன். ஒரு குழந்தையின் பெயரில் மாதாமாதம் கட்டும் ஸ்பான்சர்ஷிப், சில பிள்ளைகளை மட்டும் எடுத்து முழுவதும் வளர்த்துவிடும் உறைவிடப் பள்ளி, ஊர் அரசுப் பள்ளிக்கே கொடுப்பது, பிளஸ் டூ முடித்தவரைக் கல்லூரிக்குள் தள்ளிவிடுவது. நாலுமே நல்ல காரியம்தான். ஆனால் நாலும் ஒன்றல்ல. எது சிறந்தது என்பது கொடுப்பவரின் மனசைப் பொறுத்த விஷயமும் அல்ல. அந்த ஊரில் பிள்ளைகள் எந்த வயதில், எந்தக் காரணத்தால் படிப்பை விடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

பெயர் சொல்லி ஒரு குழந்தை

இதில் உலகம் முழுக்கப் பெரும் பணம் புழங்குகிறது. பிளான் இன்டர்நேஷனல் என்ற தொண்டு அமைப்பு 1937இல் ஸ்பானிய உள்நாட்டுப் போரில் அநாதையான பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. வேர்ல்ட் விஷன் 1950, கம்பாஷன் 1952. மூன்றும் வெளியே பார்க்க ஒரே மாதிரி: ஒரு புகைப்படம், ஒரு பெயர், வருஷத்துக்குச் சில கடிதங்கள். உள்ளே வேறு. வேர்ல்ட் விஷன் போன்றவை பணத்தைப் பொதுவில் போட்டு ஊர் முழுக்கக் கிணறு, சுகாதாரம், பள்ளி என்று செலவழிப்பவை. கம்பாஷனில் பணம் பெரும்பாலும் அந்தப் பிள்ளை சேர்ந்திருக்கும் மையத்துக்கே போகும். உங்கள் பணம் இதில் எந்த ரகம் என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

பலன் உண்டா? நம்பகமான ஓர் ஆய்வு இருக்கிறது. புரூஸ் வைடிக், பால் கிளூயி, லெய்ன் ரட்லெட்ஜ் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 2013இல் வெளியிட்டது. இந்தியா, கென்யா, உகாண்டா, பிலிப்பைன்ஸ், குவாத்தமாலா, பொலிவியா ஆகிய ஆறு நாடுகளில், கம்பாஷன் திட்டத்தில் வளர்ந்து பெரியவர்களானவர்களைத் தேடிப் பிடித்தார்கள். திட்டம் ஊருக்குள் வந்தபோது 12 வயதைத் தாண்டியிருந்த அண்ணன், அக்காக்களைக் கம்பாஷன் சேர்த்துக்கொள்ளவில்லை; தம்பி, தங்கைகளைச் சேர்த்துக்கொண்டது. ஒரே வீடு, ஒரே தாய் தகப்பன், ஒரே வறுமை. வயதுதான் வித்தியாசம். ஒப்பிட இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. சேர்ந்தவர்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். மேல்நிலை முடித்தவர்களின் பங்கு பத்து சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியிருந்தது. மேசை நாற்காலி வேலைக்குப் போனவர்களும் கூடியிருந்தார்கள். ஏற்கெனவே பிள்ளைகள் குறைவாகப் படித்துக்கொண்டிருந்த இடங்களில், குறிப்பாக ஆப்பிரிக்காவில், பலன் பெரிது.

எனக்கு இதில் பிடித்த பகுதி வேறு. இந்தப் பிள்ளைகள் வாரத்தில் சில மணி நேரம் மையத்துக்குப் போனார்கள். பாடம், சாப்பாடு, உடம்புப் பரிசோதனை எல்லாம் அங்கே உண்டு. கூடவே "நீ பெரியவனாகி என்ன ஆகப்போறே?" என்று கேட்கும் ஒரு பெரிய மனிதரும் இருந்தார். இதே ஆய்வாளர்களில் சிலர் ஜகார்த்தாவின் குடிசைப் பகுதிகளில், பிள்ளைகளிடம் கலர் பென்சிலைக் கொடுத்து "உன்னையே வரை" என்றார்கள். ஸ்பான்சர் உள்ள பிள்ளைகளின் ஓவியங்களில் நம்பிக்கையின் அடையாளங்கள் கூடுதலாகத் தெரிந்தன. சீருடையும் ஃபீஸும் போக, பிள்ளையின் ஆசையின் எல்லை நகர்ந்ததும் பலனுக்கு ஒரு காரணம் என்பது அவர்கள் கணிப்பு.

மறுபக்கமும் உண்டு. 1998இல் சிகாகோ ட்ரிப்யூன் நிருபர்கள் தாங்களே ஸ்பான்சர்களாகச் சேர்ந்து, பிறகு அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போனார்கள். ஒரு குழந்தை இறந்து நெடுநாள் ஆகியும் அதன் பெயரில் பணம் வாங்கப்பட்டுக்கொண்டிருந்தது தெரியவந்தது. அதன் பிறகு பெரிய அமைப்புகள் கண்காணிப்பை இறுக்கின. அதைவிடச் சின்னதாக, ஆனால் அடிக்கடி நடப்பது ஒன்று. ஒரு விடுதியில் நானே பார்த்தது. கரும்பலகையில் கடிதம் எழுதிப் போட்டிருந்தார்கள்: "அன்புள்ள ஐயா, நான் நலம். நீங்கள் நலமா? நான் நன்றாகப் படிக்கிறேன்." நாற்பது பிள்ளைகள் கோடு போட்ட தாளில் அதையே காப்பியடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் மட்டும் கீழே ஒரு கோழி வரைந்திருந்தான். மிஸ் அதை ரப்பரால் அழிக்கச் சொன்னார். அந்தக் கோழிதான் அந்த நாற்பதிலும் உண்மையான கடிதம் என்பது என் கட்சி.

இன்னொரு சிக்கல்: வீட்டில் மூன்று பிள்ளைகள், ஸ்பான்சர் ஒன்றுக்கு மட்டும். கிறிஸ்துமஸுக்குப் பரிசுப் பை வரும்போது மற்ற இரண்டும் வாசலில் நிற்கும்.

அரசியலும் குறுக்கே வரும். கிறிஸ்தவ அமைப்பான கம்பாஷன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்ப முன் அனுமதி வேண்டும் என்று 2016இல் உள்துறை அமைச்சகம் சொன்னது. மதமாற்றத்துக்குப் பணம் போகிறது என்பது குற்றச்சாட்டு. அமைப்பு அதை மறுத்தது. 2017 மார்ச்சில் இந்தியாவிலிருந்தே வெளியேறியது. யார் பக்கம் நியாயம் என்பது தனிக் கதை. ஒன்றரை லட்சத்துக்கு நெருங்கிய பிள்ளைகளின் மையங்கள் அதோடு நின்றன என்பதுதான் இங்கே முக்கியம். வெளிநாட்டு நன்கொடை வாங்க வேண்டிய எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு, வேர்ல்ட் விஷன் இந்தியாவுக்கும் 2024 ஜனவரியில் ரத்தானது. ஒரே குழாயில் வரும் தண்ணீரை நம்பி நாற்று நட்ட கதைதான்.

சில பேரை எடுத்து முழுசாக வளர்ப்பது

ஓசூர் பக்கம் பாலிகானப்பள்ளியில் சாந்தி பவன் என்ற உறைவிடப் பள்ளி இருக்கிறது. அமெரிக்காவில் தொழில் செய்து திரும்பிய ஆபிரகாம் ஜார்ஜ் 1997இல் தொடங்கினார். மிக ஏழைக் குடும்பங்களிலிருந்து, பெரும்பாலும் தலித் குடும்பங்களிலிருந்து, நாலு வயதுப் பிள்ளைகளை எடுக்கிறார்கள். குடும்பத்துக்கு ஒன்றுதான். அங்கேயே சாப்பாடு, படிப்பு, இருப்பிடம். கல்லூரிச் செலவும் அவர்களே. கல்குவாரியிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் பன்னாட்டு நிறுவனங்களில் வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

ஒரு பிள்ளைக்கு என்ன மாறியது என்று பார்த்தால் இந்த நாலு வழிகளில் இதை எதுவும் நெருங்க முடியாது. ஆனால் எத்தனை பிள்ளைக்கு? ஆண்டுக்கு ஒரு வகுப்பு நிறையும் அளவுக்குத்தான். 2008 நிதி நெருக்கடியில் நிறுவனரின் சொத்து அடிபட்டபோது பள்ளியே தடுமாறியது. பிறகு வெளி நன்கொடையைத் தேடிப் போனார்கள். நாலு வயதில் பெற்றோரைப் பிரிவது, ஆங்கிலம் பேசி விடுமுறைக்கு வீடு வந்தால் அண்ணன் வேறு உலகத்தில் இருப்பது, சம்பாதிக்கத் தொடங்கியதும் மொத்தக் குடும்பத்தின் கடனும் ஒரு தோளில் விழுவது: இவையும் அந்தக் கணக்கில் சேரும். உங்கள் இரண்டாயிரம் அங்கே ஒரு பிள்ளையின் செலவில் ஒரு பங்குதான். கொடுக்கலாம், வீண் போகாது. பலரோடு சேர்ந்து கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

ஊர்ப் பள்ளிக்கே கொடுத்தால்

பொருளாகக் கொடுப்பதில் ஓர் எச்சரிக்கை. கென்யாவின் புசியா பகுதியில் பள்ளிகளுக்குப் பாடப்புத்தகம் இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்னாளில் நோபல் வாங்கிய மைக்கேல் கிரெமரும் அந்த ஆய்வில் இருந்தார். பலன், ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கு மட்டும். காரணம் எளிது: புத்தகம் ஆங்கிலத்தில், பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. அதே பகுதியில் பூச்சி மாத்திரை கொடுத்தபோது பள்ளிக்கு வராமல் போவது கால்வாசி குறைந்தது. அந்த முடிவைப் பற்றிப் பொருளாதாரக்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள் என்பது வேறு. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் கொடுத்தபோது அவர்கள் சேர்க்கை முன்பு இருந்ததைவிடக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடியது. தூரம் அங்கே தடையாக இருந்தது. சைக்கிள் அதை உடைத்தது. தடை எது என்று தெரியாமல் கொடுத்தால் பீரோவில் பூட்டி வைப்பார்கள்.

தமிழ்நாட்டில் பல தடைகளை அரசே உடைத்துவிட்டது. காமராஜர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவு, இலவசச் சீருடை, புத்தகம், சைக்கிள், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலைச் சிற்றுண்டி. ஆக, இங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நோட்டும் பையும் வாங்கிக் கொடுத்துப் படம் எடுப்பதில் பெரிய பயன் இல்லை. சொன்னால் ரோட்டரிக்காரர்கள் கோபிப்பார்கள்.

பள்ளிக்கு வந்தபின் என்ன கற்கிறார்கள் என்பதில்தான் ஓட்டை. கிராமத்துப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் அசர் கணக்கெடுப்பில், 2022இல் தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றிப் படித்தவர்கள் 100க்கு 5 பேர்கூட இல்லை. கொரோனாவின் அடி அது. 2024இல் கொஞ்சம் தேறியது. உங்களுக்குத் தெரிந்த பள்ளி என்றால், தலைமையாசிரியர் நல்லவர் என்றால், பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழகம்) மூலம் போடும் டீச்சர் சம்பளத்தில் ஒரு பங்கோ, மாலை நேர வகுப்பு எடுக்கும் அக்காவுக்கு ஊதியமோ கொடுங்கள். அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியாகப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தும் அனுப்பலாம். காம்பவுண்ட் சுவரும் பெயிண்டும் வேண்டியவைதான், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பெயர்ப்பலகை வைக்க முடியாத செலவுக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

பிளஸ் டூவுக்கு அப்புறம்

என் ஓட்டு இதற்குத்தான், குறைந்தபட்சம் தமிழ்நாட்டில். உயர்கல்விச் சேர்க்கை இங்கே 47 சதவீதம் (2021-22), நாட்டின் சராசரி 28தான். அப்படியும் கிராமத்து முதல் தலைமுறைப் பிள்ளை விழும் பள்ளம் 17, 18 வயதில்தான் இருக்கிறது. அரசு இங்கேயும் நிறையச் செய்கிறது: அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு, முதல் பட்டதாரிச் சலுகை, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். பிறகு ஏன் விழுகிறார்கள்?

கல்லூரிப் படிப்புக்கு உதவி கேட்டு விண்ணப்பித்தவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் தன்னார்வலர்களோடு நானும் போவதுண்டு. விழுப்புரம் பக்கம் ஒரு வீடு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, டி.வி. மேல் மார்க் ஷீட்டை லேமினேட் செய்து வைத்திருந்தார்கள். அந்தம்மா கரும்பு வெட்டப் போகிறவர். அவர் கேட்டது: "ஃபீஸ் கவர்மெண்டு கட்டிடும்னு சொல்லிட்டாங்க சார். மெஸ்ஸுக்கு யாரு கட்டுவா? முதல்ல டெபாசிட்டு கட்டுன்றாங்களே?" மகள் ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டினாள். காஷன் டெபாசிட், மெஸ் அட்வான்ஸ், லேப் கோட், யூனிஃபார்ம், டிராஃப்டர். டியூஷன் ஃபீஸ் அந்தச் சீட்டிலேயே இல்லை. உதவித்தொகை வரும், ஆனால் சில மாதம் கழித்து வரும். கல்லூரி கேட்பது சேரும் அன்றைக்கு. இடையில் இருக்கும் அந்த நாலு மாதத்துக்குத்தான் கந்துவட்டிக்காரர் கடை விரிக்கிறார். அல்லது, "இந்த வருஷம் கம்பெனிக்குப் போ, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று முடிகிறது.

இந்த இடத்தில் இருபதாயிரம் ரூபாய் செய்வதை, அதே பணம் மூன்றாம் வகுப்பில் செய்யாது. நடிகர் சூர்யாவின் அகரம் அறக்கட்டளை 2006இல் தொடங்கியது; அதன் விதைத் திட்டம் 2010 முதல் இந்த வேலையைச் செய்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறது. இடம் வாங்கிக் கொடுப்பதோடு நிற்காமல், ஆங்கில வகுப்பு, வழிகாட்ட ஓர் அண்ணனோ அக்காவோ, வேலைக்கான பயிற்சி என்று கூடவே போகிறார்கள். ஜகார்த்தா ஓவியங்கள் சொன்ன அதே விஷயம். முதல் செமஸ்டரில் இரண்டு அரியர் விழுந்த பையனை "பரவாயில்லடா, எனக்கும் விழுந்துச்சு" என்று தேற்ற ஆள் இருந்தால் அவன் தங்குவான். செக் மட்டும் அனுப்பினால் ஊருக்கு பஸ் ஏறிவிடுவான்.

இந்த வழியின் குறை: இது ஏற்கெனவே பிளஸ் டூ வரை தாண்டி வந்தவர்களுக்கு. எட்டாவதிலேயே தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவனுக்கு இதில் எதுவும் இல்லை.

அப்படியானால் ஸ்பான்சர்ஷிப் வேண்டாமா?

இடம் மாறினால் என் ஓட்டும் மாறும். உகாண்டாவில் 1997லேயே தொடக்கக் கல்வி இலவசம் என்று அறிவித்தார்கள். ஆனாலும் பெற்றோர் கையிலிருந்து பணம் போவது நிற்கவில்லை, மேல்நிலையில் ஃபீஸ் இன்னும் பெரிய சுமை. அங்கே ஒரு குழந்தையைத் தொடர்ந்து தாங்குவது அர்த்தமுள்ளது. இங்கேயே கூட, பெற்றோர் இல்லாத பிள்ளை, சூளைக்கும் திருப்பூருக்கும் அலையும் குடும்பத்துப் பிள்ளை, எச்.ஐ.வி. பாதித்த வீட்டுப் பிள்ளை என்றால் பெயர் சொல்லி ஒரு ஆள் பின்னால் நிற்பதுதான் சரி. அரசுத் திட்டங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைக்குத்தான். இவர்கள் எப்போது எந்தப் பள்ளியில் இருப்பார்கள் என்பதே தெரியாது.

பணம் அனுப்பும் வழியைப் பற்றிக் கொஞ்சம். சிங்கப்பூர், கனடா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை, எஃப்.சி.ஆர்.ஏ. பதிவுள்ள அமைப்புக்கு, டெல்லி எஸ்.பி.ஐ. முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகத்தான் போக வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின், வாங்கிய அமைப்பு அதை இன்னொரு சின்ன அமைப்புக்கு மாற்றிவிடவும் முடியாது. ஆகவே பெரிய பெயரிடம் கொடுத்தால் ஊர் அமைப்புக்கு வந்துசேரும் என்று நினைக்க வேண்டாம். இந்திய பாஸ்போர்ட் உள்ளவர் துபாயிலிருந்து அனுப்பினாலும் இந்தச் சிக்கல் இல்லை. உள்ளூர்க்காரர்களுக்கு நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு (80ஜி என்பார்கள்) பழைய வரிமுறையில் மட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது.

எந்த அமைப்பாக இருந்தாலும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: போன வருஷம் சேர்த்தவர்களில் எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், ஏன்? உடனே ஒரு எண்ணும் இரண்டு காரணமும் சொல்பவர்களிடம் கொடுக்கலாம். "எங்களிடம் யாரும் நிற்பதில்லை" என்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. கல்லூரிக்குத்தான் என்று முடிவு செய்தால் மாதாமாதம் இரண்டாயிரம் அனுப்ப வேண்டாம், ஒரு ஆர்.டி.யில் போட்டு வைத்து, கவுன்சலிங் தொடங்கும் ஜூன், ஜூலையில் இருபத்து நாலாயிரமாகக் கொடுங்கள். டெபாசிட் கட்டும் கடைசித் தேதி அப்போதுதான் வரும்.