மே விடுமுறைக்கு எந்தப் போர்ப் படம்?

மே மாதம் நீலகிரி அரவங்காட்டில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ப்ரொஜெக்டர் போட்டுப் படம் காட்டுவோம். ஒரு பக்கம் வெடிமருந்து செய்கிற கார்டைட் ஃபேக்டரி, மறுபக்கம் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம். பல பிள்ளைகளுக்கு அப்பாவோ மாமாவோ பட்டாளத்தில். அதனால் போரைச் சிறுவன் கண்ணால் பார்க்கிற, சிரிப்பும் உள்ள படம் ஒன்று போடலாம் என்று பேச்சு வந்தது. மூன்று பெயர்கள் அடிபட்டன.

எல்லோரும் முதலில் சொன்னது ராபர்டோ பெனினியின் 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்' (1997). மூன்று ஆஸ்கர் வாங்கிய படம். நாஜி முகாமில் அடைபட்ட மகனிடம், இது விளையாட்டு, ஆயிரம் புள்ளி எடுத்தால் நிஜ டாங்கியே பரிசு என்று கதை விடுகிறார் அப்பா. அழாமல் பார்க்க முடியாது, சரி. ஆனால் இது அப்பாவின் படம். பையனுக்குத் தெரியாததெல்லாம் நமக்குத் தெரிவதால்தான் நமக்கு அழுகை வருகிறது. தவிர, முதல் பாதி பெரும்பாலும் காதல் கலாட்டா. எங்கள் வாண்டுகள் அதற்குள் வர்க்கி பிஸ்கட் தேடிப் போய்விடும்.

'ஜோஜோ ராபிட்' (2019) படத்தில் இயக்குநர் டைக்கா வைட்டிட்டியே ஹிட்லர். பத்து வயது ஜெர்மன் பையனின் கற்பனை நண்பன். வெறுப்பை ஒரு பிள்ளையின் தலையில் எப்படி ஏற்றுகிறார்கள், அது எப்படி இறங்குகிறது என்று காட்டியதில் இதுதான் கெட்டி. அம்மாவின் காலணிகளைக் கேமரா அடிக்கடி காட்டும். காரணம் புரிகிற இடத்தில் மூச்சே நின்றுவிடும். ஆனால் இதில் சிரிப்பது இயக்குநர். அந்த நக்கல் பிடிபட ஹிட்லர் யாரென்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் போடலாம். சின்னதுகள் மீசைக்காரரை நல்ல மாமா என்று எடுத்துக்கொண்டால் வம்பு.

என் ஓட்டு ஜான் பூர்மனின் 'ஹோப் அண்ட் குளோரி'க்கு (1987). ஐந்து ஆஸ்கர் பரிந்துரை, கைக்கு வந்தது ஒன்றுமில்லை. லண்டன் மேல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்ட காலத்தில் வளர்ந்த பூர்மனின் சொந்தக் கதை. இங்கே சிரிப்பது பையனேதான். இடிந்த வீடுகளுக்குள் புகுந்து மிச்சமிருப்பதையும் உடைக்கிறார்கள். குண்டுச் சிதறல்களைப் பொறுக்கிச் சேர்க்கிறார்கள். பள்ளிக்கூடத்தின் மேல் குண்டு விழுந்ததும் மொத்தப் பிள்ளைகளும் துள்ளுகிறார்கள். ஒருவன் வானத்தைப் பார்த்து ஹிட்லருக்கு நன்றி சொல்கிறான். மழைக்குக் கலெக்டர் லீவு விடுவாரா என்று விடிகாலையில் டிவி முன் உட்காரும் நீலகிரிப் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பெரியவர்களையும் படம் விடுவதில்லை. வீறாப்பாகப் பட்டாளத்தில் சேர்ந்த அப்பாவுக்கு அங்கே கிடைப்பது டைப் அடிக்கிற வேலை. குடும்பத்தின் வீடு எரிவதும் குண்டால் அல்ல, சாதாரணத் தீயால். சாவும் வருகிறது, தாயை இழந்த சிறுமியை மற்ற பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள், என்ன சொல்வதென்று யாருக்கும் தெரியவில்லை. மற்ற இரண்டிலும் இவ்வளவு கூச்சமில்லாத உண்மை கிடையாது.

சிக்கல் இரண்டு. லண்டன் பேச்சு வேகமாக ஓடும், யாராவது பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டும். அப்புறம், அக்கா கனடா சிப்பாயோடு பழகும் காட்சிகளில் ரிமோட் பெரியவர் கையில் இருக்கட்டும்.