ஜிம்னிக்கு டிஸ்க் பிரேக் போடக் கொடுத்த கதை: பினாங்கு நண்பர்கள் கவனத்துக்கு

பாயா தெருபோங் பக்கம் இருக்கும் ஒரு பட்டறையில் பழைய ஃபோர் வீல் வண்டிக்கு பிரேக் மாற்றக் கொடுக்கப் போகிறீர்களா? முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். புகார் விசாரணைக்குப் போயிருப்பதால் பட்டறையின் பெயரைப் போடவில்லை.

வண்டி அப்பாவுடையது. 1984 சுஸுகி ஜிம்னி, எஸ்ஜே410. 970 சிசி எஞ்சின், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், அதாவது சுற்றும் டிரம்முக்குள் ஷூ விரிந்து உரசி நிறுத்துவது. ஆற்றில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்து கொஞ்ச நேரத்துக்கு பிரேக்கே பிடிக்காது. "லேசா மிதிச்சுக்கிட்டே போ, காஞ்சிரும்" என்பார் அப்பா. அவருக்கு அந்தப் பொறுமை இருந்தது. எனக்கு இல்லை.

பட்டறைக்காரர், "எஸ்ஜே413 முன்பக்க டிஸ்க் செட் இதுக்கு அப்படியே உட்காரும் தம்பி" என்றார். அதில் பொய் இல்லை. எஸ்ஜே413 இதே வண்டியின் பெரிய எஞ்சின் மாடல், அதன் முன்சக்கரத்தில் சுற்றும் தட்டை இரண்டு பேட் கவ்விப் பிடிக்கும். ஜிம்னிக்காரர்கள் காலங்காலமாகச் செய்கிற வேலைதான். எல்லாம் புதுசு, கூலியோடு 1,850 வெள்ளி (ரிங்கிட்) என்றார். ரசீதில் ஒரே வரி: "பிரேக் அப்கிரேட், 1 செட்". எந்தச் சாமான், எந்த வண்டிக்கானது, புதியதா ஹாஃப்கட்டா (பழைய வண்டியை வெட்டி எடுத்த சாமானா), ஒன்றும் இல்லை. அதை வாங்கி மடித்துப் பையில் வைத்த என் புத்தியைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

வண்டியை எடுத்த அன்றே பெடல் வெந்த மரவள்ளிக்கிழங்கை மிதிப்பதுபோல் அமுங்கியது. இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் இறுகும். "புது பேட், படிய நாளாகும்" என்றார். ஒரு வாரம் கழித்துப் போனால், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் வீக் என்று சொல்லி இன்னொரு 380 வெள்ளி வாங்கினார். பெடல் அப்படியேதான் இருந்தது.

டுரியான் சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜாலான் துன் சார்டோன் வழியாக மலையேறி, பாலிக் புலாவ் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். வளைவுக்கு முன் மிதித்தேன், பெடல் தரையைத் தொட்டது. மறுபடி மிதித்தேன், அதே கதை. கியரைக் குறைத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தில் இல்லை. எஞ்சின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் தனி டிரம், கேபிளில் இழுபடுவது. பிரேக் ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது, பிழைத்தது அதனால்தான். ஓடும் வண்டியில் அதை வெடுக்கென்று இழுத்தால் ஷாஃப்டே முறுக்கும். குலுங்கிக் குலுங்கி ஓரத்தில் நின்றபோது பக்கத்தில் மனைவி கண்ணைத் திறக்கவே இல்லை, முருகன் பெயர் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. முன்சக்கரத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன், சுரீரென்றது.

அரைமணி நேரத்தில் பெடல் திரும்பி வந்துவிட்டது! மறுநாள் பட்டறையில், "இப்ப நல்லாத்தானே இருக்கு? நீங்க பிரேக்லேயே காலை வச்சு ஓட்டியிருப்பீங்க" என்றார். பணம் போனதைவிட இந்தப் பேச்சுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெடல் திரும்பி வருவது வண்டி சரியாகிவிட்டதற்கு அடையாளம் அல்ல. பிரேக் ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவியாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. ஆறினதும் ஆவி மறுபடி ஆயிலாகிறது. டாட் 3 தர ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரையாவது தாங்க வேண்டும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு அது 140 வரை இறங்கலாம். நம் ஊர் ஈரத்தைச் சொல்லவும் வேண்டுமா?

சரி, ஏன் அவ்வளவு சூடு? புக்கிட் மெர்தாஜாமில் ஒரு வயதான ஃபோர்மேன் அங்கிளிடம் வண்டியை டோ செய்து கொண்டுபோனேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இடது கேலிப்பரை வலதுல மாட்டியிருக்கான்." தட்டைக் கவ்வுகிற பாகம்தான் கேலிப்பர். குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுக்கிற நிப்பிள் அதன் உச்சியில் இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் அது கீழே போய்விடும். காற்று மேலேதானே ஏறும்? எத்தனை முறை காற்றெடுத்தாலும் மேலே தங்கிய குமிழி வெளியே வராது. மரவள்ளிக்கிழங்குக்குக் காரணம் இதுதான், பூஸ்டர் அல்ல.

அடுத்து, சூட்டுக்குக் காரணம் தேடி முன்சக்கரத்தை ஜாக் போட்டுத் தூக்கி, பெடலை மிதித்துக் காலை எடுத்தார். சக்கரம் கையால் சுற்ற வரவில்லை. நிப்பிளைத் தளர்த்தியதும் ஆயில் பீய்ச்சியது, சக்கரம் சுற்றியது. அப்படியென்றால் கேலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டன் இறுகவில்லை, அழுத்தம்தான் மேலே எங்கோ அடைபட்டிருக்கிறது. மீண்டும் மிதித்து, இம்முறை பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் பம்ப் பக்கம் குழாயைத் தளர்த்தினார். அங்கேயும் சக்கரம் விடுபட்டது. இடையில் இருக்கும் ரப்பர் ஹோஸில் அடைப்பு இருந்திருந்தால் விடுபட்டிருக்காது. குற்றவாளி பம்ப். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் பம்ப் பலவற்றில், குழாயில் கொஞ்சம் அழுத்தம் எப்போதும் தங்குவதற்காக ஒரு சின்ன வால்வு இருக்கும். டிரம்மில் ஷூவை ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும், அதனால் பாதகம் இல்லை. டிஸ்க்கில் இழுக்க ஸ்பிரிங் ஏது? பேட் தட்டை உரசிக்கொண்டே ஓடும், அவ்வளவு சூடு வந்தது அதனால்தான். டிஸ்க் போட்டவர் பழைய டிரம் பம்பை அப்படியே விட்டுவிட்டார்.

"புது" டிஸ்க்கை அளந்ததில், அதன் மேலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனைவிட மெலிந்திருந்தது. ஹாஃப்கட் சாமானுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

அங்கிள் டிஸ்க்குக்கு ஏற்ற மாஸ்டர் பம்ப், உண்மையிலேயே புதிய தட்டு, பேட் போட்டு, கேலிப்பர்களை இடம் மாற்றி மாட்டினார். பில் எட்டு வரி. கழற்றிய சாமான்களை நான் கேட்பதற்கு முன்பே பையில் போட்டுக் கொடுத்தார்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்க 5 வெள்ளிதான் கட்டணம், 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம். அங்கிளின் பில், நிப்பிள் கீழே இருக்கும் படம், தட்டை அளந்த படம் எல்லாம் இணைத்தேன். ஒற்றை வரி ரசீதை மட்டும் பார்க்கவே கூச்சமாக இருந்தது. நோட்டீஸ் போன அன்று மாலை பட்டறைக்காரரிடமிருந்து வாட்ஸ்அப்: "தம்பி வண்டிய கொண்டாங்க, பிரேக் ஆயில் ஃப்ரீயா மாத்தித் தரேன்."

விசாரணை அடுத்த மாதம். மெலிந்த அந்த இரண்டு தட்டும் வாசலில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன, அன்றைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.