‘ஜெர்மனியில் படிப்பு ஃப்ரீ’ என்ற ஏஜென்ட்டிடம் நான் ஏமாந்த கதை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் யாராவது பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பப் பேசிக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

2023 ஜனவரியில் அப்பச்சியும் (எங்கள் பக்கம் அப்பாவை இப்படித்தான் அழைப்போம்) நானும் காரைக்குடியில் ஒரு ஏஜென்ட்டைப் பார்க்கப் போனோம். மாடியில் ஏசி அறை, சுவர் முழுக்க நாட்டுக்கொடிகள். "அண்ணே, ஜெர்மனியில படிப்பு ஃப்ரீ. தம்பி சாப்பாட்டுச் செலவுதான்" என்றார். அதில் பொய்யில்லை. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. (பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு.)

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று. அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டால் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் வராது. தனியாரில் சேர்த்தால் வரும்.

அஞ்சு யுனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ண என்று ஒன்றுக்கு 20,000 வீதம் ஒரு லட்சம் வாங்கினார். ரசீது கேட்டதற்குத் தன் விசிட்டிங் கார்டின் பின்பக்கம் பென்சிலால் ‘1 லட் வரவு’ என்று எழுதிக் கொடுக்க, அப்பச்சி அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஐயாவின் அப்பச்சி பர்மாவில் கொடுக்கல் வாங்கல் பார்த்தவர். காலணா போனாலும் பேரேட்டில் ஏறும் வீடு எங்களுடையது. அன்றைக்கு எங்களுக்கு என்ன ஆனது என்று இன்னும் தெரியவில்லை.

மூன்று மாதம் இழுத்தார். அப்புறம் ஒருநாள், "பப்ளிக்ல சீட் இல்லை தம்பி, இன்டேக் போயிடும்" என்று அவசரப்படுத்தி, பெர்லினில் ஒரு தனியார் கல்லூரியில் தள்ளிவிட்டார். வருடத்துக்கு 11,000 யூரோ. போய்ச் சேர்ந்த பிறகு விசாரித்தால், அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குக்கூட என் விண்ணப்பம் போகவில்லை! ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்குப் பொதுவாக விண்ணப்பிக்கும் யூனி-அசிஸ்ட் தளத்தில் நாமே போட்டால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்தடுத்தவற்றுக்கு 30 யூரோ, அவ்வளவுதான். அந்தத் தளத்தில் தொடங்கும் கணக்கு உங்கள் மெயிலில் இருக்கட்டும். நான் பாஸ்வேர்ட் கேட்டபோதெல்லாம் "பயப்படாதீங்க தம்பி" என்பார்.

விசாவுக்காக ஒரு வருடச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுக் காட்டும் பிளாக்டு அக்கவுண்ட் பணத்தையும் தன் மூலமாகத்தான் கட்ட வேண்டும் என்றார். நல்லவேளை, சென்னையில் இருக்கும் அத்தை மகன் தடுத்துவிட்டான். அது நம் பணம், நம் பெயரில்தான் கிடக்கும், அங்கே போனதும் மாதாமாதம் நமக்கே வரும். இப்போது வருடத்துக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992.

ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு படித்து, 2024-இல் நானே விண்ணப்பித்து அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாறினேன். அங்கிருந்து எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் போலந்தின் கிராக்கோவுக்குப் போனபோது காரைக்குடிப் பக்கத்துப் புதுவயல் பையன் ஒருவனைப் பார்த்தேன். போலந்து போனால் அப்படியே ஜெர்மனிக்குத் தாவிக்கொள்ளலாம் என்று அவனை அனுப்பியிருக்கிறார்கள். போலந்தில் தங்கும் அனுமதியை வைத்து மற்ற ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனை வேண்டாம் என்று ஒப்பந்தம் போட்ட ஐரோப்பிய நாடுகள்) 180 நாளில் 90 நாள் சுற்றிப் பார்க்கலாம். வேலைக்குச் சேர முடியாது. அனுப்பியது யார் என்று கேட்டேன். அதே மாடி, அதே கொடிகள்.

போன மாதம் ஊருக்கு வந்தபோது பணத்தைக் கேட்கப் போனேன். "சர்வீஸ் சார்ஜ் திரும்ப வராது தம்பி" என்று டீ வாங்கிக் கொடுத்தார். படியேறும் இடத்தில் ‘எங்கள் வெற்றி மாணவர்கள்’ என்று ஒரு பேனர். இரண்டாவது வரிசையில் நீல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சிரிப்பது நான்தான். எடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன், இன்னும் எடுக்கவில்லை.