புது எழுத்தாளரிடம் எந்த வழியாகப் போவது?

நான் வசிப்பது மலேசியாவில், கெடா மாநிலத்தின் கூலிம் மாவட்டத்தில், ஒரு பக்கம் செம்பனையும் மறுபக்கம் தாமான் எனப்படும் புதிய குடியிருப்பு வீடுகளுமாக நிற்கும் ஒரு தோட்ட ஊரில். எங்கள் ஊரில் தமிழ்க் கதைப் புத்தகம் விற்கும் கடை கிடையாது. பூசைப் பொருள் கடையில் பஞ்சாங்கமும் தேவாரத் தொகுப்பும் கிடைக்கும். நாவல் வேண்டுமானால் பாலம் கடந்து பினாங்கு லிட்டில் இந்தியா வரை போக வேண்டும். அங்கும் இல்லையென்றால் சென்னையிலிருந்து தபாலில் வரவழைக்க வேண்டும். தபால் செலவு புத்தக விலையைத் தொட்டுவிடுகிறபோது, பெயரை மட்டும் கேள்விப்பட்ட ஓர் எழுத்தாளரின் நூலுக்குப் பணம் கட்டுவது யோசித்துச் செய்ய வேண்டிய காரியமாகிவிடுகிறது. ஆகவே, புதிய எழுத்தாளர் ஒருவரை அறிமுகம் செய்துகொள்ளும் வழிகளைச் சில ஆண்டுகளாக ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து வருகிறேன். பலருடைய கதைகளைச் சேர்த்த தொகுப்பு நூல், ஒரே எழுத்தாளரை விடாமல் வாசிப்பது, நன்றாக வாசித்த ஒருவர் கையிலிருந்து இரவல் வாங்குவது ஆகியவையே எனக்குப் பெரும்பாலும் வாய்த்த வழிகள்.

ஒப்பிடுகிறவன் தன் சாய்வுகளைச் சொல்லிவிடுவதுதான் முறை. நான் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவுக்குப் போகும் பஸ்ஸில்தான் என் வாசிப்பில் பாதி நடக்கிறது. அதனால் சிறுகதையின் மேல் எனக்கு இயல்பாகவே பற்று அதிகம். அரசர் கதைகளில் மனம் ஒட்டுவதில்லை. நெஞ்சை உருக்குவதற்கென்றே எழுதப்பட்ட பக்கங்களை வேகமாகத் தள்ளிவிடுவேன். வட்டார வழக்கில் எழுதியவர்கள் என்றால் கொஞ்சம் கூடுதலாகவே பொறுத்துப் போவேன். இந்தச் சாய்வுகள் கீழே சொல்லப்போகும் எல்லாவற்றிலும் கலந்திருக்கின்றன.

தொகுப்பு நூலின் முதல் பலன் சிக்கனம். ஒரே விலையில் இருபது எழுத்தாளர்கள் கிடைக்கிறார்கள். ஒருவர் பிடிக்காவிட்டால் பக்கத்தைப் புரட்டினால் அடுத்தவர் காத்திருக்கிறார். இதே வேலையை எங்கள் பெற்றோர் காலத்தில் நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகள் செய்தன. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரி இறுதியில் நின்றுபோனபோது பலரும் ஒரு செய்தித்தாள் போய்விட்டதே என்று வருந்தினார்கள். எங்கள் வீட்டிலோ, ஞாயிற்றுக்கிழமை தேநீரோடு ஒரு முன்பின் தெரியாத பெயரைச் சந்திக்கும் பழக்கம் போய்விட்டதே என்பதுதான் பேச்சாக இருந்தது. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை நடத்தும் சிறுகதைப் போட்டியின் பரிசுக் கதைகள் நூலாக வருவதும் இந்த வகையில் சேரும். மூத்த பெயர்களும் கேள்விப்படாத பெயர்களும் அதில் ஒரே வரிசையில் நிற்பதால், பெயரைப் பார்க்காமல் கதையைப் பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடுகிறது.

ஆனால் தொகுப்பு நூல் ஒரு தவற்றை ஓசையில்லாமல் செய்கிறது. தொகுப்பாசிரியர் ஒவ்வோர் எழுத்தாளரிடமிருந்தும் ஏற்கெனவே புகழ்பெற்ற கதையையே பெரும்பாலும் எடுக்கிறார். அடுத்த தொகுப்பாசிரியரும் அதையே எடுக்கிறார். புதுமைப்பித்தன் என்றால் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்று நான் பல ஆண்டுகள் எண்ணிக்கொண்டிருந்ததற்கு இதுதான் காரணம். நகைச்சுவையும் நக்கலும் கலந்த, சென்னை வீதியில் கடவுளைக் காப்பி குடிக்க வைக்கும் ஒரு குறும்புக்காரர் என்ற சித்திரம் எனக்குள் உறைந்துவிட்டது. அவரே 'துன்பக்கேணி'யில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் ஏழைப் பெண் ஒருத்தியின் வாழ்க்கையை எழுதியிருக்கிறார் என்பது, அவருடைய முழுத் தொகுதியைக் கையில் எடுத்த பிறகுதான் தெரிந்தது. தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்த ஒருவனுக்கு எந்தக் கதை முதலில் கிடைத்திருக்க வேண்டும்? கங்காணி, கூலி, கப்பல் என்ற சொற்களை என் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்த எனக்கு அந்தக் கதை பத்தாண்டு தாமதமாக வந்து சேர்ந்தது. தொகுப்பாசிரியர் மேல் பிழை சொல்ல முடியாது. அவர் எனக்காகத் தொகுக்கவில்லை.

ஒரே எழுத்தாளரை முழுதாக வாசிக்கும் வழி இந்தக் குறையைத் தீர்க்கிறது. சில எழுத்தாளர்களுக்கு வேறு வழியே கிடையாது என்றும் சொல்வேன். செகந்தராபாத்தில் பிறந்து சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்த அசோகமித்திரனின் கதை ஒன்றை ஒரு தொகுப்பில் முதன்முதலாக வாசித்தபோது, இதில் என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டு அடுத்த கதைக்குப் போய்விட்டேன். உரத்துப் பேசும் பத்துக் கதைகளுக்கு நடுவில் அவருடைய மெல்லிய குரல் கேட்கவில்லை. பிறகு அவருடைய சிறுகதைத் தொகுதி ஒன்றை வரிசையாக வாசித்தபோது, ஏழாவது எட்டாவது கதையில்தான் அந்தக் குரலுக்குக் காது பழகியது. சொல்லாமல் விடுவதில்தான் அவர் வேலை செய்கிறார் என்பது அப்போது புரிந்தது. அதன் பின் திரும்பிப்போய் அந்த முதல் கதையை மறுபடி வாசித்தேன். கதை மாறவில்லை, நான் கூட்டத்துக்கு வெளியே வந்து கேட்டேன், அவ்வளவுதான்.

முழுதாக வாசிப்பதற்கும் அளவு பார்க்க வேண்டும். மௌனி எழுதியவை 24 சிறுகதைகளே. ஒரு வாரத்து பஸ் பயணத்தில் முடித்துவிடலாம். ப. சிங்காரம் எழுதிய நாவல்கள் இரண்டு. அதிலும் 1972இல் வந்த 'புயலிலே ஒரு தோணி' இந்தோனேசியாவின் மேடானிலும் நம் பினாங்கிலும் நடப்பதால், நம் வட்டாரத்து வாசகனுக்குப் பாதி இடங்கள் முன்பே தெரிந்தவையாக இருக்கும். மறுபுறம் ஜெயமோகனின் வெண்முரசு மட்டுமே 26 நாவல்கள். அவரை முழுதாக வாசித்துத்தான் முடிவுக்கு வருவேன் என்று ஒருவர் தீர்மானித்தால், மற்ற எழுத்தாளர்கள் அவர் ஓய்வு பெறும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இந்த வழியின் உண்மையான விலை தபால் செலவன்று, காலம். நான் ஒருமுறை ஒரே நாவலாசிரியரின் நூல்களை ஏறக்குறைய ஓராண்டு தொடர்ந்து வாசித்தேன். ஐந்தாவது நூலில் அடுத்த பக்கத்தில் யார் அழுவார், யார் ஊரை விட்டுப் போவார் என்று சொல்லிவிட முடிந்தது. அவர் பெயரை எழுதாமல் விடுகிறேன். குற்றம் அவருடையதன்று, இடைவெளியில்லாமல் வாசித்த என்னுடையது.

இந்த வழியிலேயே எதிர்பாராத ஒரு பயனும் உண்டு. ஓர் எழுத்தாளரை ஊன்றி வாசித்தால் அவரே அடுத்தவரைக் கையைப் பிடித்துக் காட்டிவிடுகிறார். முன்னுரைகளும் நினைவுக் கட்டுரைகளும் கடிதங்களும் அதற்கு வாசல்கள். தொகுப்பு நூல் இருபது பேரை ஒரு மேசையில் உட்கார வைத்தாலும், அவர்களுக்குள் யார் யாருக்கு உறவு, யார் யாரை வாசித்து வளர்ந்தார் என்பதை அது சொல்வதில்லை.

மூன்றாவது வழி இரவல். எங்கள் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கிராணி, அதாவது கணக்கெழுத்தர், ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டு முன்னறையில் இரண்டு தகர அலமாரிகள். கரையான் வராமல் இருக்க ஒவ்வொரு தட்டிலும் அந்துருண்டை. யார் எந்த நூலை எப்போது எடுத்தார்கள் என்பதைப் தோட்டத்தின் பழைய செக்ரோல் என்னும் ஆள்வரவுக் கணக்குப் போலவே கோடு போட்ட நோட்டில் எழுதி வைப்பார். என் அப்பாவை அழைத்த அதே தொனியில் என்னையும் "தம்பி" என்பார். ஒருநாள் கு. அழகிரிசாமியின் கதைகளை என்னிடம் நீட்டி, "இவரு கோலாலம்பூர்ல நம்ம நேசன்ல ஆசிரியரா இருந்தவரு, தம்பி. வெளியூர்க்காரர்னு நினைச்சு ஒதுக்கிடாதே" என்றார். அழகிரிசாமி 1950களில் மலாயாவுக்கு வந்து தமிழ் நேசனில் பணியாற்றியதும், இங்கிருந்த இளம் எழுத்தாளர்களுக்குச் சிறுகதை நுணுக்கம் சொல்லிக் கொடுத்ததும் எனக்கு அதுவரை தெரியாது. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் என்ற சிற்றூர்க்காரரை எங்கள் ஊர் உறவினராக்கிக் கொடுக்க அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அந்த நூலை முடித்ததும், அதே இடைசெவலைச் சேர்ந்த அவருடைய சிறுவயது நண்பர் கி. ராஜநாராயணனின் நூலைக் கேட்டேன். கிராணி ஐயா முன்பே அதை எடுத்து மேசையில் வைத்திருந்தார்.

வாசகனைத் தெரிந்த ஒருவர் கொடுக்கும் நூலுக்கு வேறெதற்கும் இல்லாத ஒரு பலம் உண்டு. எனக்கு எது பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். எனக்கு இன்னும் தெரியாத என் விருப்பமும் அவருக்குச் சில நேரங்களில் தெரிந்திருக்கிறது. அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' நாவலையும் சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' நாவலையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தவரும் அவரே. தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்துப் பரிவோடு எழுதியதற்கும், தோட்டத்து மனிதர்களை உள்ளேயிருந்து எழுதியதற்கும் இருக்கும் வேறுபாட்டை எந்தக் கட்டுரையும் எனக்கு அவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. முன்னதில் தோட்டம் விளக்கப்படுகிறது. பின்னதில் விளக்கம் கேட்காமல் தோட்டத்துப் பேச்சு நேராகக் காதில் விழுகிறது. தோட்டம் தெரியாத வாசகருக்கு முதலாவதே நல்ல வாசல் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் இரவலில் ஒரு சிறைவாசமும் இருக்கிறது. கிராணி ஐயாவின் அலமாரியில் பெண் எழுத்தாளர்கள் மிகக் குறைவு. கவிதை அதைவிடக் குறைவு. 1990களுக்குப் பின் வந்தவை கீழ்த்தட்டில் ஒரு மூலையில். அவரை மட்டுமே நம்பியிருந்தால் என் வாசிப்பு அவருடைய இளமைக் காலத்தோடு நின்றுபோயிருக்கும். அவர் கொடுத்த நூல் பிடிக்கவில்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வருவதில்லை. ஒருமுறை பாதி மட்டும் படித்துவிட்டு "நல்லா இருந்துச்சுங்க ஐயா" என்று திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரமே அதே எழுத்தாளரின் இன்னும் பருமனான நாவல் ஒன்று வந்து சேர்ந்தது. தொகுப்பு நூலிடம் இப்படி மரியாதைக்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை.

பரிசும் சர்ச்சையும் வழியாக வரும் அறிமுகத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. சீ. முத்துசாமிக்கு 2017இல் கோயம்புத்தூரில் வழங்கப்படும் விஷ்ணுபுரம் விருது கிடைத்தபோதுதான் என் வேலையிட நண்பர்கள் சிலர் அவரைப் பற்றிக் கேட்டார்கள். சுங்கைப்பட்டாணிக்காரர் ஒருவரைக் கோயம்புத்தூர் சொல்லி நாங்கள் அறிந்துகொண்டதை நினைத்தால் இன்றும் சற்று வெட்கமாக இருக்கிறது. நம் நாட்டு எழுத்தாளர் ம. நவீனின் 'பேய்ச்சி' நாவலை 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு தடை செய்தபோதும் இதே கதைதான். அவருடைய சிறுகதை ஒன்றையும் வாசிக்காதவர்கள் அவரைப் பற்றி இரண்டு பக்கமும் நின்று உறுதியாகப் பேசினார்கள். விருதும் தடையும் பெயரைக் காதில் போடுகின்றன. அதற்கு மேல் அவற்றால் ஆவது கொஞ்சம்தான்.

கைப்பேசி வாசிப்பு மற்ற வழிகளுக்குத் துணையாக நிற்கிறது. நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் படைப்புகளைச் செலவில்லாமல் வாசிக்கலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற மின்னூல் தளங்களும், வல்லினம் போன்ற நம் நாட்டு இணைய இதழ்களும் தபால் செலவு என்ற தடையை அடியோடு எடுத்துவிட்டன. ஆயினும் திரையில் தொடங்கிய கதையை நான் முடிப்பது குறைவு. இது என் பழக்கக் கோளாறாக இருக்கலாம். இரவு ஷிப்ட் முடிந்து வருகிற கண்ணுக்குத் தாள்தான் ஒத்துவருகிறது. திரையில் ஒரு கதையைச் சுவை பார்த்துவிட்டு நூலை வரவழைப்பதே என் வழக்கம்.

இவற்றுள் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் ஒரே எழுத்தாளரின் ஒற்றைச் சிறுகதைத் தொகுதியைத்தான் வைத்துக்கொள்வேன். முழுப் படைப்புகளையும் அல்ல, பலர் சேர்ந்த தொகுப்பையும் அல்ல. பத்துப் பன்னிரண்டு கதைகள் என்பது ஒருவருடைய குரலைக் கேட்கப் போதுமான நீளம். பிடிக்காவிட்டால் இழப்பும் தாங்கக்கூடியது. அதிலும் முதல் கதையை வைத்து நான் தீர்ப்புச் சொல்வதில்லை, ஏனென்றால் பலரும் தங்கள் கவர்ச்சியான கதையையே முன்னால் வைக்கிறார்கள். நடுவில் இருக்கும், யாரும் எடுத்துப் பேசாத ஒரு கதை தாங்கினால் அந்த எழுத்தாளரின் அடுத்த நூலுக்குத் தபால் செலவு கட்டத் தயங்க மாட்டேன். நாவல் மட்டுமே எழுதியவர் என்றால் அவருடைய மிக மெலிந்த நாவலில் தொடங்குவேன். ஐம்பது பக்கத்துக்குள் கதை நடக்கும் இடத்தின் வாடை வரவில்லையென்றால் மூடிவிடுவேன்.

இப்போது என் பஸ் பையில் இருப்பது ஒரு பெண் எழுத்தாளரின் முதல் சிறுகதைத் தொகுதி, பினாங்கில் வாங்கியது. ஆறாவது கதையிலிருந்து தொடங்கியிருக்கிறேன். கிராணி ஐயா நேற்று அதைப் பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படித்து முடித்ததும் தன்னிடம் கொடுக்கச் சொல்லி, நோட்டில் இந்த முறை என் பெயருக்கு எதிரே தன் பெயரை எழுதிக்கொண்டார்.