அடைப்புக்குள் வந்தால் முதன்மை எண் என்று நம்பாதீர்கள்: கேசியோவின் ஃபேக்ட் பொத்தான்

மட்டக்களப்பு, கல்முனைப் புத்தகக் கடைகளில் கேசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ் கல்குலேட்டரைக் கேட்டு வாங்குபவர்கள் பலர், பாகை-நிமிடம்-விநாடிப் பொத்தானுக்கு மேலே உள்ள ‘ஃபேக்ட்’டைத் தொடுவதே இல்லை. பெரிய முழுவெண்களை முதன்மைக் காரணிகளாக உடைப்பது அதுதான்.

காம்ப் மோடில் (சாதாரணக் கணக்குகளுக்கான நிலை) எண்ணை அடித்து, சமன் போட்டபிறகு ஷிப்ட், ஃபேக்ட். பத்து இலக்கம் வரை எடுக்கும். தசமமும் மறை எண்ணும் உடையாது. 9999999999 ஐக் கொடுங்கள்: 3² × 11 × 41 × 271 × 9091. பெட்டியைப் பார்த்து ஒரிஜினல் என்று முடிவெடுக்காமல் கடையிலேயே இதை அடித்துப் பாருங்கள். ஐந்து காரணியும் வராவிட்டால் அங்கேயே திருப்பிக் கொடுக்கலாம்.

சிக்கல் அடைப்புக்குறியில். 1234567891 ஐக் கொடுத்தால் அதே எண் அடைப்புக்குள் வரும். 1018081 உம் அப்படியே. முதலாவது முதன்மை எண். இரண்டாவது 1009 × 1009! அடைப்பு என்றால் ‘இதற்குமேல் எனக்கு ஏலாது’ என்பது மட்டுமே. மெஷின் மூன்று இலக்கம் வரையான முதன்மை எண்களால்தான் வகுக்கிறது, கடைசி 997. அடுத்த முதன்மை 1009 என்பதால், எஞ்சுவது 1009 இன் வர்க்கத்தைவிடச் சிறிதானால் அது கட்டாயம் முதன்மை. 9091 அடைப்பில்லாமல் வந்தது அதனால்தான்.

நல்ல சோதனை எண் 4294967297, அதாவது 2 இன் 32 ஆம் வலுவுடன் 1. 2 இன் வலு 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துப் போகும் இந்த வகை எண்கள் எல்லாமே முதன்மை என்று கணிதவியலாளர் ஃபெர்மா எண்ணியிருந்தார். 1732 இல் இன்னொரு கணிதவியலாளரான ஓய்லர் இதை உடைத்தார். கல்குலேட்டர் 641 × (6700417) என்று நிறுத்திவிடும். மிச்சத்தைக் கையால் முடிக்கலாம். 6700417 இன் வர்க்கமூலம் 2588 சொச்சம். 4294967297 இன் முதன்மைக் காரணி எதுவும், ஆகவே 6700417 இன் காரணியும், 128 இன் மடங்கைவிட 1 கூடியதாகவே இருக்கும். 997 வரை மெஷின் பார்த்துவிட்டதால், 2588 வரை அந்த வடிவில் எஞ்சும் முதன்மைகள் 1153, 1409 இரண்டுதான். வகுத்தால் மீதி முறையே 334, 622. ஆகவே 6700417 முதன்மை எண்.

பத்து இலக்கத்தைத் தாண்டினால் ஃபேக்ட் உதவாது. ஆனால் உள்ளே 15 இலக்கம் வைத்துக் கணக்கிடுவதால் மறைந்த இலக்கங்களை வெளியே எடுக்கலாம். 1048576 × 1048576 என்றால் திரையில் 1.099511628 × 10¹² தான் தெரியும். அதிலிருந்து 1099500000000 ஐக் கழித்தால் 11627776 வரும். முழு விடை 1099511627776.

பொ.கா.பெ. (பொதுக் காரணிகளுட் பெரியது), பொ.ம.சி. (பொது மடங்குகளுட் சிறியது) கணக்குகளைச் சரிபார்க்கும் பிள்ளைக்காக மட்டும் வாங்குவதானால் 991 க்குக் காசைக் கொட்டத் தேவையில்லை. எஃப்எக்ஸ்-82இஎஸ் பிளஸிலும் இதே பொத்தான் உண்டு. அதற்குப் போடுவது சாதாரண டிரிபிள்-ஏ பற்றரி. 991 இன் எல்ஆர்44 பொத்தான் பற்றரிக்கு மணிக்கூட்டுக் கடையைத் தேட வேண்டிவரும், சூரியக்கலம் இருப்பதால் அடிக்கடி அல்ல.