கிளாஸ்டோஜோ: புள்ளிப் பலகையை மூடி வைத்தால் நல்ல செயலி

ஆசிரியரையும் பெற்றோரையும் இணைக்கும் வகுப்பறைச் செயலியான கிளாஸ்டோஜோ 2011-இல் வந்தபோது அதன் அடையாளமே புள்ளிகள்தான். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு குட்டிப் பூத பொம்மை. கூடப் படிப்பவருக்கு உதவினால் ஒரு புள்ளி கூடும், வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் ஒன்று குறையும். இன்றும் பலர் இதற்காகவே செயலியை நிறுவுகிறார்கள். ஆனால் இதில் மிகவும் சுமாரான பகுதி இதுதான். உருப்படியான பயன், வீட்டுக்கும் வகுப்புக்கும் இடையே போய்வரும் செய்திகளில் இருக்கிறது.

வகுப்பை உருவாக்கிப் பெயர்களைச் சேர்த்தால், ஒவ்வொரு மாணவருக்கும் தனி அழைப்புக் குறியீடு கிடைக்கும். அதை அச்சிட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினால் பல தாள்கள் புத்தகப் பைக்குள்ளேயே கசங்கிக் கிடக்கும். முதல் பெற்றோர் கூட்டத்தில், கைபேசி கையில் இருக்கும்போதே இணைத்துவிடுவது நல்லது. அம்மாவும் அப்பாவும் வேறு வேறு வீட்டில் இருந்தால் இருவரையும் தனித்தனியே இணைக்கலாம். 'ஒருவர் மற்றவரிடம் சொல்லிவிடுவார்' என்று நம்பி விடக்கூடாது.

வாட்ஸ்அப் குழுவோடு ஒப்பிட்டால் இரண்டு விஷயங்களில் இது மேல். கைபேசி எண்ணை யாரும் யாருக்கும் தர வேண்டியதில்லை. ஒரு பிள்ளையைப் பற்றிய பேச்சு அந்த வீட்டுக்கு மட்டும்தான் போகும். ஆசிரியர் ஓய்வு நேரத்தையும் குறித்து வைக்கலாம். அதை முதல் வாரமே பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், இரவு பத்து மணிக்குக் கேட்டதற்குப் பதில் வராதது அலட்சியமாகத்தான் தெரியும்.

இனி செய்திகள். முதல் செய்தியே புகாராகப் போனால், அதன்பின் பள்ளியிலிருந்து எது வந்தாலும் வீட்டில் வயிற்றைக் கலக்கும். அதனால் பள்ளி திறந்த முதல் மூன்று வாரத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நல்ல செய்தி போயிருக்க வேண்டும். முப்பது பேர் வகுப்பு என்றால் ஒரு நாளைக்கு இரண்டு வீடு, பத்து நிமிட வேலை. யாருக்கு அனுப்பியாயிற்று என்று பெயர்ப்பட்டியலில் டிக் போட்டு வராவிட்டால் அமைதியான பிள்ளைகள் விடுபட்டுப் போவார்கள்.

"உங்கள் மகள் நன்றாகப் படிக்கிறாள்" என்பது யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பக்கூடிய வரி. "வணக்கம் அம்மா. இன்று பின்னக் கூட்டலில் மீனா விடையைத் தப்பாகப் போட்டிருந்தாள். நான் சொல்லும் முன்பே கண்டுபிடித்துத் திருத்திவிட்டாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்டுப் பாருங்கள்" என்று எழுதினால், ஆசிரியர் தன் பிள்ளையைக் கவனிக்கிறார் என்பது அம்மாவுக்குத் தெரியும், வீட்டில் பேசவும் ஒரு விஷயம் கிடைக்கும். வேறு மொழி பேசும் குடும்பங்களுக்கு மொழிபெயர்ப்பு வசதி உண்டு. ஆனால் வாக்கியம் சின்னதாக இருக்க வேண்டும், கிண்டல் கூடவே கூடாது. கண்டிக்க வேண்டிய விஷயத்தைச் செயலியில் எழுதவே வேண்டாம். அதற்குத் தொலைபேசி இருக்கிறது.

புள்ளிகள் ஏன் வினையாகின்றன? வேலையில் கவனமில்லை என்று ஒரு புள்ளியைக் கழித்தால், என்ன நடந்தது என்ற விளக்கம் இல்லாமல் அது வீட்டுக்குத் தெரிகிறது. மாலையில் பிள்ளை கதவைத் திறந்ததுமே விசாரணைதான். வகுப்பிலோ, பெரிய திரையில் எல்லோர் கண் முன்னும் எண் குறைகிறது. அடிக்கடி இழக்கும் பிள்ளை சீக்கிரமே அக்கறையை விட்டுவிடுகிறது. புள்ளி வேண்டும் என்றே இருந்தால், கழிக்கும் வகைகளை அமைப்பில் நீக்கிவிட்டு, திரையில் காட்டாமல், கூட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

வகுப்புப் படங்களைப் போடும் பகுதி பரவாயில்லை. படம் எடுக்கச் சம்மதம் தராத வீடுகளின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது அவசியம்.

ஆசிரியர்களுக்குச் செயலி இலவசம். குடும்பங்களுக்கு விற்கப்படும் கட்டணச் சந்தா இந்தத் தொடர்புக்குத் தேவையே இல்லை; அதையும் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள், சிலர் கட்டாயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இணையாத வீடுகள் எப்படியும் சில இருக்கும். அவர்களுக்கும் அதே மூன்று வாரக் கணக்குதான், நோட்டில் எழுதியோ போனில் கூப்பிட்டோ.